ஐயுறுதல் குற்றமாகுமா?

மனிதன் தன் அறிவின் பெரும் பகுதியைப் பிறர் வாய்ச்சொல்லிலிருந்தே பெறுகின்றான். தான் பிறந்த நாள் எது என்பதைக்கூட ஒருவன் தன் பெற்றோர் சொல்லித்தான் அறிகின்றான். முதல் வகுப்பில் வந்தமரும் குழந்தை, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய வடிவத்தை ‘அ’ என்று அவர் சொன்னவுடன் ஏற்றுக்கொள்கிறது. அதற்குச் சான்று என்ன என்று கேட்பதில்லை. கேட்குமாயின் அன்றோடு கல்வி நின்றுவிடும். மருந்துக்கடைக்காரர் தரும் மாத்திரையை விழுங்குவதும், முன்பின் அறியாத ஓட்டுநரின் பேருந்தில் ஏறிக் கண்ணயர்ந்துவிடுவதும் நம்பிக்கையின்பாற்பட்ட செயல்களே. ஆதலின் நம்புதல் முதலில் வருவது; ஐயுறுதல் அதன் பின்னரே தோன்றுவது. இவ்வரிசையை மாற்றி, எல்லாரையும் முதலில் ஐயுற்றுப் பின்னர் நம்பலாம் என்று ஒருவன் துணிவானேல், அவனால் காலைப் பசியாறலைக்கூட முடிக்க இயலாது.

இவ்வாறு நம்பிக்கையால் நிலைபெற்ற வாழ்க்கையில் இடர்ப்பாடான ஒரு நேரமும் வந்து சேர்கிறது. அரைகுறையாய் அறிமுகமான ஒருவர், நல்ல வேலை ஒன்று இருப்பதாகக் கூறுகிறார். ஊதியம் பெரிது. முடிவை இன்றே சொல்ல வேண்டும் என்கிறார். காலையில் ஒருமுறை அழைக்கிறார். நண்பகலில் மறுமுறை அழைக்கிறார். இரவு பத்து மணிக்கும் அவர் குரல் கைப்பேசியில் ஒலிக்கிறது. அவர் சொல்வது மெய்தானா என்று அறிய விரும்புவது இயற்கை. எனினும் நம்மவருள் பலருக்கு அவ்விடத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. உதவ வந்தவரை நிறுத்தி வைத்து ‘நீங்கள் சொல்வது உண்மையா?’ என்று வினவுவது, விருந்துக்கு வந்தவரின் பையைத் திறந்து சோதிப்பது போலாகாதா? இத்தயக்கம் அறியாமையால் விளைவதன்று. நல்ல வளர்ப்பினால் விளைவது. பெரியோரை எதிர்த்துப் பேசாதே, செய்ந்நன்றி மறவாதே என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் ஊட்டிய பண்புகளே அந்நேரத்தில் இளைஞனின் நாவைக் கட்டுகின்றன. ஆகவே இதனை எள்ளி ஒதுக்குதல் தகாது, ஆராய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஓர் இளைஞனை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்த அவன் ஷா ஆலாமில் ஒரு பொருட்கிடங்கில் பெட்டி தூக்குகிறான். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அவனுடைய அடிப்படைச் சம்பளமும் அவ்வளவே. அறை வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் போக எஞ்சியதில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அவனுக்குப் பள்ளித் தோழன் ஒருவன் புலனத்தில் ஒரு செய்தி அனுப்புகிறான். பேங்காக்கில் வாடிக்கையாளர் சேவை வேலை. ஆங்கிலமும் மலாயும் தெரிந்தால் போதும். மாதம் 6,000 வெள்ளி. தங்குமிடம், உணவு, விமானச் சீட்டு அனைத்தும் இலவசம். கீழே ஒரு தொலைபேசி எண். அழைத்தால் ஒருவர் இனிமையாகப் பேசுகிறார். ‘இன்னும் இரண்டே இடம்தான் இருக்கிறது, தம்பி. இன்றிரவுக்குள் கடப்பிதழைப் படமெடுத்து அனுப்பிவிடு. வெள்ளிக்கிழமை விமானம்’ என்கிறார்.

‘பணம் ஏதும் கட்டச் சொன்னார்களா, ஐயா?’ என்று கேட்கிறாள் தாய். ‘ஒரு காசும் வேண்டாமாம், அம்மா’ என்கிறான் மகன். தாயின் கவலை பாதி தீர்ந்துவிடுகிறது. வேலை மோசடி என்றால் முன்பணம் பறிப்பது என்றே அவள் அறிந்திருக்கிறாள். அவ்வறிவு தவறானதன்று, நெடுங்காலம் மக்களைக் காத்து வந்த அறிவுதான். ஆனால் இங்கே எதிர்முனையில் இருப்பவன் இளைஞனின் பணத்தை விரும்பவில்லை. இளைஞனே அவனுக்குச் சரக்கு. விமானச் சீட்டு என்பது அச்சரக்கை ஏற்றி வரும் கூலி.

2022ஆம் ஆண்டு முதல் மலேசிய நாளிதழ்களைப் படித்து வருவோருக்கு இக்கதையின் எஞ்சிய பகுதி தெரியும். பேங்காக்கில் இறங்கியவனை வரவேற்று வண்டியில் ஏற்றுகிறார்கள். வண்டி நகருக்குள் செல்லாமல் மேற்கு நோக்கி மணிக்கணக்காக ஓடி, மே சோட் என்னும் எல்லையூரை அடைகிறது. அங்கே மோய் ஆற்றைக் கடந்தால் மியன்மாரின் மியாவாடி. மதில் சூழ்ந்த வளாகத்துள் கடப்பிதழ் பறிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் சேவை என்பது, அயல்நாட்டாரோடு இணையத்தில் காதல்மொழி பேசி அவர்தம் சேமிப்பைக் கவரும் தொழில் என்பது அப்போதுதான் தெரிகிறது. மறுத்தால் அடி, மீள வேண்டுமாயின் மீட்புப் பணம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாயத்தின்பேரில் மோசடித் தொழிலில் வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. சிக்கியவருள் பலர் கற்றவர்கள், பன்மொழி அறிந்தவர்கள் என்றும் அவ்வறிக்கை குறித்தது. படிப்பு இருந்தால் ஏமாற மாட்டார்கள் என்று வகுப்பறையில் சொல்லி வருவோர் இக்குறிப்பைச் சற்று நின்று படிப்பது நன்று.

ஆள்சேர்ப்பவனின் வாக்கை எடைபோடும் இத்தொல்லை இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. நம்முள் பெரும்பாலோரின் பாட்டனும் பூட்டனும் இங்கு வந்து சேர்ந்ததே இன்னொருவர் வாக்கை நம்பித்தான். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதனோடு உடன் வளர்ந்து, பின்னர் அதனை விஞ்சி நின்றது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரே உரிமம் பெற்று, தம் சொந்த ஊருக்குத் திரும்பி, தம் உறவினரையும் அயலாரையும் அழைத்து வருவார். அவர் முகம் தெரிந்தவர். தெருவில் ஓடி விளையாடியவர். இன்னார் மகன் என்று சொல்லத்தக்கவர். வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாக அவர் வந்து நிற்கும் தோற்றமே பாதி வாதத்தை முடித்துவிடும். அவர் அழைத்து வந்த ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு என்பதை ஊரார் அறிந்திருக்க மாட்டார்கள். 1907இல் நிறுவப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. பயணியின் தலையில் கடன் ஏறாதிருக்க வேண்டும் என்பதே அந்நிதியின் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே இலவசப் பயணம் என்பது தன்னளவில் சூதுமன்று, நேர்மைக்குச் சான்றுமன்று. அதனை யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமையும்.

கங்காணிகள் அனைவரும் ஏமாற்றுக்காரர் என்று எழுதுவது எளிது, அது நியாயமாகாது. தாம் அழைத்து வந்தவரின் நோய்க்கும் பேய்க்கும் உடன் நின்று, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, கோவில் கட்டிக் குடும்பமாய் வாழ்ந்தோர் அவருள் இருந்தனர். பொன் விளையும் பூமி என்று புனைந்துரைத்து ஆள் பிடித்தோரும் இருந்தனர். ஊரில் இருந்த உழவனுக்கு இவ்விரு வகையினரையும் பிரித்தறிய வழியில்லை என்பதே உண்மையான கொடுமை. இடையே கடல். தோட்டத்தைப் பற்றி அவன் பெறும் செய்தி ஒவ்வொன்றும் கங்காணியின் வாய் வழியாகவே வர வேண்டும். கங்காணி சொல்வது உண்மையா என்று கேட்க, கங்காணியையன்றி வேறு ஆளில்லை.

பிற்காலத்தில் ஏற்பட்ட சீர்திருத்தங்களை நோக்கினால், அவை எல்லாம் இக்குறையை நிரப்ப முயன்றவை என்பது விளங்கும். கங்காணிக்கு உரிமம், கிராம முன்சீப்பின் கையொப்பம், ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அதிகாரிகளின் விசாரணை, 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை அடுத்து மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதி. அழைப்பவனுக்கும் செல்பவனுக்கும் நடுவே மூன்றாம் ஒருவரின் கண்ணைக் கொண்டுவந்து வைப்பதே அவற்றின் பொருள். அவை எவ்வளவு பயன்பட்டன என்பது வேறு ஆராய்ச்சி. இறுதியில் 1938இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் கூலிகளின் குடிபெயர்வையே தடை செய்தது. எனினும் நோக்கம் சரியானது. இன்று கடலுக்குப் பதில் கைப்பேசித் திரை இருக்கிறது. உலகமே கையில் உள்ளது போல் தோன்றினும், இளைஞன் அறிந்தவை அனைத்தும் அந்த ஒரே எண்ணிலிருந்து வந்தவை. அலுவலகத்தின் படம், அங்கே சிரித்துக்கொண்டிருக்கும் ஊழியர், முத்திரையிட்ட நியமனக் கடிதம் யாவும் அவர் அனுப்பியவையே. சான்று பத்து இருப்பினும் சாட்சி ஒருவரே.

நம் முன்னோர் வாய்ச்சொல்லை அறிவுக்குரிய வழிகளுள் ஒன்றாக மதித்தனர். காண்டல், கருதல், உரை என்று அளவைகளைப் பகுத்துரைக்கும் மரபு தமிழில் தொன்மையானது. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி ஒருவன் இவற்றை விரித்துரைப்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஆனால் எவருடைய உரையும் அளவையாகிவிடுவதில்லை. நியாய நூலார் அதற்குரியவனை ஆப்தன் என்பர். அவனுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: சொல்லும் பொருளை அவன் நேரே அறிந்திருத்தல் வேண்டும், அறிந்ததை அறிந்தவாறே சொல்லும் விருப்பமும் உடையனாதல் வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையேல் அவன் உரை அறிவைத் தராது.

இவ்விரு தகுதிகளையும் இளைஞனின் நிலைமைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலனாகிறது. செய்தியை அனுப்பிய தோழன் நல்லவன். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. ஆனால் அவன் பேங்காக்கைப் பார்த்தவனல்லன். யாரோ அனுப்பியதை அப்படியே அனுப்பினான். முகவரோ எல்லாம் அறிந்தவர். உண்மை சொல்லும் விருப்பம்தான் அவரிடம் இல்லை. ஒருவரிடம் நேர்மையுண்டு, அறிவில்லை. மற்றவரிடம் அறிவுண்டு, நேர்மையில்லை. இளைஞனின் மனத்தில் இவ்விருவரும் ஒன்றாகக் கலந்து, அறிவும் நேர்மையும் ஒருங்கே உடைய ஓர் ஆளாகி நிற்கின்றனர். அப்படி ஓர் ஆள் உலகில் இல்லை. ‘என் நண்பன் பொய் சொல்ல மாட்டான்’ என்று இளைஞன் தாயிடம் வாதிடும்போது அவன் சொல்வது உண்மையே; அவ்வுண்மை இங்குப் பயன்படாது என்பதுதான் துன்பம். வேலைவாய்ப்புச் செய்திகள் நண்பர், உறவினர் வழியாகவே பரவுவதன் காரணமும் இதுவே. அந்நியனின் சொல் அந்நியனிடமிருந்து வந்தால் அந்நியனின் சொல்லாகவே இருக்கும்.

எனவே ஐயம் என்பது என்ன என்று வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். மாலையிருளில் தூரத்தே ஒன்று நிற்கிறது. கட்டையோ, ஆளோ என்று மனம் தடுமாறுகிறது. இதுவே ஐயம் என்று அளவை நூலார் காட்டுவர். கட்டையை ஆளெனத் துணிவது திரிபு, அது பிழை. ஐயமோ பிழையன்று; இன்னும் துணியாத நிலை. கௌதமரின் நியாயத்தில் அறிய வேண்டிய பதினாறு பொருள்களுள் ஐயமும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி அதிலிருந்தே தொடங்குகிறது. ஒருவரை ஐயுறுவது என்பதை அவரைப் பொய்யர் என்று தீர்ப்பதாக நாம் வழக்கில் பொருள் கொண்டுவிட்டோம். அதனாலேயே கேட்பவனுக்குக் கூச்சமும் கேட்கப்பட்டவருக்குச் சினமும் உண்டாகின்றன. வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலரையும் மணிமேகலை கேட்கிறாள். ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை உறுதியாக உரைக்கின்றனர்.  அவள் எவருக்கும் உடனே இசைவு தரவில்லை. கேட்டலுக்கும் இசைதலுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி அவளுக்கு உரிமையாயிருந்தது.

அவ்விடைவெளியைத்தான் அவசரப்படுத்தும் முகவர் பறிக்கிறார். ஆயினும் அவசரம் கண்டவுடன் மோசடி என்று முடிவுகட்டுதல் மற்றொரு திரிபாகும். உண்மையான வேலைக்கும் இறுதி நாள் உண்டு. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் பாலம் கடப்போரைக் கேட்டால், திங்கட்கிழமைக்குள் ஆள் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலையில் அழைத்த நேர்மையான முதலாளிகளைப் பற்றியும் சொல்வார்கள். ஓர் ஊழியர் திடீரென விலகினால் தொழிற்சாலை காத்திருக்குமா? ஆகவே அவசரத்தைப் பொதுவாகப் பழிப்பதை விடுத்து, அதன் உட்கூறுகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ‘திங்கட்கிழமைக்குள் சொல்’ என்பது கால வரையறை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது வேறு. ‘தொழிலாளர் இலாகாவில் கேட்டால் காரியம் கெட்டுவிடும்’ என்பது வேறு. முன்னது குறைந்த நேரம் தருகிறது. பின்னவை கேட்கும் உரிமையையே மறுக்கின்றன. நேரமின்மையால் ஒருவர் தொல்லைப்படுத்தலாம். ஆனால் உண்மையான வேலையை வைத்திருப்பவர், அது உண்மையா என்று பிறரிடம் விசாரிப்பதைத் தடுப்பதால் பெறும் இலாபம் ஒன்றுமில்லை.

தடுப்பதற்கு அவர் கையாளும் முறையும் கவனிக்கத்தக்கது. ‘நிறுவனத்தின் பதிவு எண் என்ன?’ என்று இளைஞன் கேட்கிறான். ‘என்மேல் நம்பிக்கை இல்லையா? நம்பிக்கை இல்லாவிட்டால் விட்டுவிடு. பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்’ என்று விடை வருகிறது. கேள்வி ஒரு பதிவு எண்ணைப் பற்றியது. விடை தம் மானத்தைப் பற்றியது. எண்ணைப் பற்றிய வினாவை மானத்தைப் பற்றிய வினாவாக மாற்றிவிட்டால், நல்ல வளர்ப்புடைய பிள்ளை மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். பள்ளியில் சேரும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை அலுவலகத்தில் கேட்கிறோம்; எந்தத் தந்தையும் ‘நான் இவனுக்குத் தந்தையில்லை என்கிறீர்களா?’ என்று சினப்பதில்லை. கேட்பது வழக்கம், காட்டுவது வழக்கம் என்று இருதரப்பும் அறிந்திருக்கின்றன. வேலைக்கு ஆளெடுப்பதை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவருக்கு இவ்வினா நாள்தோறும் வருவது. அவர் அதற்குப் புண்பட வேண்டியதில்லை.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரம் இப்பொருளுக்கு நெருங்கியது. ஆராய்ச்சிக்கு முந்திய நம்பிக்கையையும், ஆராய்ந்து ஏற்றவரிடத்தில் பின்னர்க் கொள்ளும் சந்தேகத்தையும் வள்ளுவர் அங்கே ஒரு தராசில் வைக்கிறார். ஆனால் அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசனை நோக்கி அமைந்தது என்பதை மறத்தலாகாது. அரசனுக்கு ஒற்றர் உண்டு, அமைச்சர் உண்டு, காத்திருக்கவும் இயலும். கிடங்கில் பெட்டி தூக்குபவனுக்கு என்ன உண்டு?

ஒன்றுமில்லை என்பதற்கில்லை. மலேசியாவில் தனியார் வேலைவாய்ப்பு முகவர்களுக்கென 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. உரிமமின்றி அத்தொழில் செய்தல் குற்றம். உரிமம் உண்டா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டறியலாம். நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை மலேசிய நிறுவனங்கள் ஆணையம் சொல்லும். பணம் செலுத்தச் சொன்ன வங்கிக் கணக்கையோ தொலைபேசி எண்ணையோ பற்றிப் புகார் உண்டா என்பதைக் காவல் துறையின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரில் முகவர்களின் உரிமத்தை மனிதவள அமைச்சின் தளம் காட்டும். அங்கே முகவர் ஓர் ஊழியரிடம் பெறும் கட்டணம் ஓராண்டு ஒப்பந்தத்திற்கு ஒரு மாதச் சம்பளத்தையும், எத்தனையாண்டு ஒப்பந்தமாயினும் இரண்டு மாதச் சம்பளத்தையும் மிஞ்சலாகாது. சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிடு, வேலை அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல் எந்நாட்டைக் குறித்து வந்தாலும், வந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. உரிம எண்ணைக் காட்டியதாலேயே அது காட்டியவருடையது என்று ஆகாது. நற்பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் திருடிக்கொண்டு வருவோர் மிகப் பலர். எனவே அவர் தந்த எண்ணை அழைத்து ‘உங்கள் நிறுவனம் உண்மையானதா?’ என்று கேட்பது கங்காணியிடமே கங்காணியைப் பற்றிக் கேட்ட பழைய கதையாகிவிடும். நிறுவனத்தின் எண்ணைத் தானே வேறிடத்தில் தேடி எடுத்து, அங்கிருப்பவரிடம் ‘இப்படி ஒருவர் உங்கள் பெயரில் ஆள் சேர்க்கிறாரா?’ என்று கேட்டல் வேண்டும். செலவு பத்து நிமிடம். அயல்நாட்டு நிறுவனமாயின் அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்திற்கு எழுதிக் கேட்கலாம். அதற்குச் சில நாள் ஆகும். அச்சில நாளைத் தர மறுக்கும் வேலைக்காக எதனை இழக்க நேரும் என்று எண்ண வேண்டும். ஐயுற்றுக் காத்திருந்ததால் நல்ல வேலை ஒன்று கைநழுவிப் போகலாம். அது மெய்யான இழப்பு. அதனை மறைக்கக் கூடாது. ஆனால் வேலை இன்னொன்று வரும். எல்லை கடந்து கடப்பிதழைக் கொடுத்துவிட்டவனுக்கு மீட்சி அவன் கையில் இல்லை. இழப்பின் அளவை மட்டும் நோக்காமல், இழந்ததை மீண்டும் பெற இயலுமா என்பதையும் நோக்குவதே இத்தகைய நேரத்திற்குரிய கணக்கு.

இவ்வளவும் சொல்லிய பின் எதிர்வாதம் ஒன்று எழும். வறியவனுக்கு விசாரித்துக்கொண்டிருக்க நேரமேது? வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். 1,700 வெள்ளிக்காரனிடம் 6,000 வெள்ளியைக் காட்டிவிட்டு, நிதானமாயிரு என்று அறிவுரைப்பது வயிறு நிறைந்தவர் பேச்சு என்று ஒருவர் கூறலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிதானத்தை இளைஞன் ஒருவனுடைய பொறுப்பாக மட்டும் வைத்தால் அது கொடுமையே. கேட்டறியும் வேலையில் பங்கு கொள்ளாமல் எச்சரிக்கை மட்டும் செய்பவர் அவனுக்கு உதவியவராகார். கிராம முன்சீப்பு இன்று இல்லை. அவ்விடத்தில் அமரத்தக்கவர் யார்? அக்காள் ஒருத்தி வங்கியில் வேலை செய்யலாம்; மாமா ஒருவர் தொழிற்சங்கத்தில் இருக்கலாம்; படித்த பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்து, ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்ய அவர்களுக்கு இயலும்.

ஆயினும் இளைஞன் அவர்களிடம் வருவதில்லை. ஏன்? வந்தால் திட்டு விழும். ‘ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த நிலை வருமா?’ என்று தொடங்கிப் பழைய கணக்கெல்லாம் பேசப்படும். யாரிடமும் சொல்லாதே என்று முகவர் விதித்த தடையை நிறைவேற்றித் தருபவர் பல வேளைகளில் வீட்டுப் பெரியவரே. ஏமாந்து திரும்பியவனை ‘பேராசை பெருநட்டம்’ என்ற பழமொழியால் வரவேற்பதும் இதன் மறுபக்கம். 6,000 வெள்ளி கேட்பது பேராசையா? அண்டை நாடான சிங்கப்பூரில் உழைப்போர் பலர் வெள்ளி மாற்றுக் கணக்கில் அவ்வளவு பெறுகின்றனர். அவ்வூதியம் உலகில் இல்லாத ஒன்றன்று. தந்தையின் கடனை அடைக்க எண்ணியவனைப் பேராசைக்காரன் என்று முத்திரையிட்டால், அவன் நடந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வான். அடுத்த தெருப் பிள்ளைக்கு அவனால் கிடைத்திருக்கக்கூடிய எச்சரிக்கை அதனோடு போயிற்று. ஏமாற்றியவனைக் குறித்து ஒரு சொல்லும் ஏமாந்தவனைக் குறித்து ஒன்பது சொல்லும் பேசுகின்ற வழக்கத்தை மாற்றிக்கொள்ளாமல், விழிப்புணர்வுக் கூட்டங்களை மட்டும் கூட்டுவதில் பயன் குறைவு.

தோழனின் கடமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிடைத்த செய்தியை அப்படியே மற்றவர்க்கு அனுப்புகிறவன், தன் பெயரை அதற்குப் பிணையாக வைக்கிறான். அவன் அதனை உணர்வதில்லை. ‘இது எனக்கு வந்தது, அங்கே வேலை செய்பவர் எவரையும் எனக்குத் தெரியாது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அவனுடைய நேர்மை முகவருடைய சொல்லோடு கலந்திருக்காது.

இறுதியாக ஒரு கடினமான நிலைமை உள்ளது. மியாவாடி போன்ற வளாகங்களில் அடைபட்டவரிடம், ஊரிலிருந்து வேறு ஆள் சேர்த்துக் கொடுத்தால் உன்னை விடுவிப்போம் என்று பேரம் பேசப்படுவதுண்டு. மலேசியாவின் 2007ஆம் ஆண்டு ஆட்கடத்தல் எதிர்ப்புச் சட்டம், கடத்தப்பட்டவரைச் சட்டவிரோத நுழைவு முதலிய குற்றங்களுக்காக வழக்கிடாமல் காக்கிறது. நண்பனை உள்ளே இழுத்துத் தன்னை மீட்டுக்கொள்பவனின் குற்றத்தை அறநூல் எவ்வாறு அளக்கும்? அச்சத்தின் கீழ் செய்தது என்பது பழியைக் குறைக்கலாம். முற்றும் துடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. வெளியே பாதுகாப்பாக இருப்போர் அத்தீர்ப்பை விரைந்து எழுதாதிருத்தல் நன்று.

ஆனால் இதிலிருந்து நம் வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது. உற்ற நண்பனிடமிருந்தே செய்தி வருகிறது; குரலும் அவனுடையதே. ‘நல்ல இடம், மச்சான். உடனே கிளம்பி வா’ என்கிறான். அவன் சொல்வதை நம்பிக் கிளம்புகிறவன் நண்பனை மதித்தவன் போல் தோன்றுகிறான். ஐயுறுபவன் என்ன செய்வான்? காணொளியில் முகத்தைக் காட்டச் சொல்வான். எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று கேட்பான். பேச்சில் வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கண்டால், அச்செய்தியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்று அவன் தாயிடம் காட்டுவான்; இருவரும் சேர்ந்து காவல் நிலையத்திற்குப் போவார்கள். உள்ளே அடைபட்டுக் கிடப்பவனைப் பற்றி வெளியுலகில் பதிவாகும் முதல் புகார் அதுவாகவே இருக்கக்கூடும்.